விமலின் அறையில் உருகும் பனி

சித்திரை பிறந்து இரண்டு வாரம் ஆகியிருந்த ஒரு மதியம், மகனுடைய அறைக்குள் ஒரு காலை வைத்த மாரியப்பன், வைத்த வேகத்திலேயே அதை வெளியே இழுத்துக்கொண்டார். தரை சில்லென்று இருந்தது.

திருவொற்றியூர் குப்பத்தில் அந்த மாதத்தில், அந்த நேரத்தில், எந்தத் தரையும் சில்லென்று இருக்காது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு அது. தளம் காய்ந்து, சுவர் காய்ந்து, அந்தக் காய்ச்சலையெல்லாம் மின்விசிறி வாரி வாரித் தலையில் கொட்டும். குழாய்த் தண்ணீரில் அரிசியைப் போட்டால் அடுப்பே வேண்டாம் என்று அவர் மனைவி அங்கம்மா சொல்லுவாள். சன்னல் வழியாக மேற்கேயிருந்து ஆலைப் புகையின் வாடையும், கிழக்கேயிருந்து கரையில் காயும் நெத்திலியின் வாடையும் வந்து கூடத்தில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். சென்னையின் வடகோடியில் மதியம் என்றால் இதுதான்.

மறுபடி காலை வைத்துப் பார்த்தார். துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் பாளம் பாளமாக ஐஸ் சறுக்கி வந்து நிற்கிற மேடையில் செருப்பில்லாமல் நின்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. குனிந்து கையை வைத்தார். உள்ளங்கை ஈரமானது. அந்தத் தரைக்கு அடியில் குழாய் எதுவும் ஓடவில்லை. கீழ் வீட்டு ரோசியின் சமையலறைதான் இருந்தது; அங்கே இந்த நேரத்துக்கு அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

"இன்னாயா, தரைய மோந்துகினு கீற?" என்றாள் அங்கம்மா, கூடத்திலிருந்து.

"தரை சில்லுன்னு கீதுமே."

"வெயில்ல சுத்தாதன்னா கேக்கறியா? மண்டை காஞ்சிபோச்சு உனுக்கு."

அறை விமலுடையது. ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடை தொடங்கி, காசிமேட்டில் விசைப்படகுகளை அறுபத்தொரு நாளைக்குக் கட்டிப்போட்டதும், அவன் குப்பத்து ஆட்கள் மூன்று பேரோடு வடக்கே பனிமலைக்கு வேலைக்குப் போயிருந்தான். குளிர்காலம் முழுக்கப் பனி மூடிக் கிடக்கும் மலைச்சாலையை, குளிர் விட்டதும் வெட்டித் திறக்கிற வேலை. கீழ் வீட்டு ஜெரால்ட், பாரி, தீனா, விமல். நாலு பேருமே மாரியப்பன் ஓட்டிய படகில் வலை இழுத்தவர்கள். மணாலிக்கும் மேலே என்று அங்கம்மா சொல்லப்போக, குப்பத்தில் பாதிப் பேர் பக்கத்து மணலி என்று நினைத்துக்கொண்டு, அங்கே போக எதற்குக் கம்பளி என்று கேட்டார்கள். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

மாரியப்பனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவருக்குக் காற்று பார்க்கத் தெரியும். படகு கிளம்பும் முன் கரையில் நின்று, கடல் தண்ணீரை விரலால் தொட்டுக் காது மடலுக்குப் பின்னால் தடவிக்கொண்டு கண்ணை மூடுவார். அந்த ஈரத்தைக் காற்று எந்தப் பக்கம் தொடுகிறது, ஒரே சீராகத் தொடுகிறதா விட்டு விட்டுத் தொடுகிறதா, அதில் சூடு இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஒரே ஒரு வார்த்தை. 'போ', இல்லையென்றால் 'இரு'. கைபேசி வந்து, அதில் வானிலைச் செய்தியும் வந்த பிறகுகூட, காசிமேட்டில் நாற்பது படகுக்காரர்கள் அவர் வாயைப் பார்த்துத்தான் கயிற்றை அவிழ்த்தார்கள். அவர் 'இரு' என்ற நாளில் போய் முழுசாகத் திரும்பியவர்கள் குறைவு. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அதனால்தான் விமல் மலையிலிருந்தும் கேட்டான். அவர்கள் தங்கியிருந்த கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பாறைமேல் ஏறி நின்றால் மட்டும் சிக்னல் கிடைக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஏறி நின்று கூப்பிடுவான்.

"நைனா, காத்து பள்ளத்துலேர்ந்து மேல ஏறிகினு கீது. மேகம் மலைக்குப் பின்னாடி நிக்குது. நாளைக்கு எப்படி?"

எனக்குத் தெரியாதுடா, நான் மலையைப் பார்த்ததே இல்லை என்பதுதான் நேர்மையான பதில். அந்தப் பதிலை மாரியப்பன் ஒரு நாளும் சொல்லவில்லை. காற்று எங்கே அடித்தாலும் காற்றுதானே என்று நினைத்தார். வாடைக்காற்று எங்கே போனாலும் வாடைக்காற்று, மேற்கேயிருந்து வரும் கச்சான் எங்கே போனாலும் கச்சான். கண்ணை மூடி, விமல் சொன்னதைக் கடலில் பொருத்திப் பார்த்து, போ என்றோ இரு என்றோ சொன்னார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுப்போக ரோசி தினமும் மாடியேறி வந்து வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். ஜெரால்டைக் கட்டி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

தரை சில்லென்று இருந்த அன்றைக்கும் போன் வந்தது. "பனி உருக ஆரம்பிச்சிடுச்சு நைனா," என்றான் விமல். "எங்க பாத்தாலும் தண்ணி சத்தம். கீழ ஊருல மரமெல்லாம் ஒரு எல இல்லாம பூவா கீது. நீ பாக்கணும்."

மறுநாள் சத்தம் கேட்டது. மதியம் கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்திருந்தவர் காதில், மூடிய கதவுக்கு அந்தப்பக்கம், ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பிறகு பல இடங்களில், கிட்டத்திலும் தூரத்திலும். பத்தடிக்குப் பத்தடி அறையில் எப்படித் தூரத்தில் கேட்கும் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, எல்லாச் சொட்டுகளுக்கும் கீழே, மண்ணுக்குள் ஓடுவதுபோல ஒரு தண்ணீர் மெல்ல ஓடிக்கொண்டே இருந்தது. எழுந்து கதவைத் திறந்தார். சத்தம் நின்றது. கட்டில், விமலின் நீலச்சட்டை தொங்கும் ஆணி, மடக்கி வைத்த பழைய வலை. ஒரு ஆள் மூச்சு விடுவதுபோலக் குளிர் அவர் முகத்தில் வந்து மோதிவிட்டுப் போனது. ஒரு நிமிஷத்தில் அறை மற்ற அறைகளைப் போலவே கொதித்தது.

கதவைச் சாத்தினால்தான் அது வந்தது. திறந்து போட்டால் ஒன்றும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நாள் ஆனது. அங்கம்மாவுக்கு ஒரு மதியம் போதுமாக இருந்தது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டு நாலு மணிக்கு வெளியே வந்தாள்.

"ஓசில ஏசி வந்தா வேணாம்னா சொல்லுவாங்க?" என்றாள். "புள்ள அனுப்பிக்கீறான்னு நெனச்சிக்கோ."

அவளுடைய ஈரமான பாதத்தில் என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. மாரியப்பன் குனிந்து எடுத்தார். நகத்தின் அளவில் ஒரு பூவிதழ், வெள்ளையில் லேசாக ரோஸ் ஓடியது. முகர்ந்து பார்த்தார். அதில் ஈர மண்ணும், மரத்தின் பிசினும், வேறு என்னவோ சுத்தமான ஒன்றும் மணத்தன. குப்பத்தில் அறுபது வருஷமாக மூச்சு விட்டவருக்கு அந்தச் சுத்தம் பயமாக இருந்தது. அங்கம்மா இனி அங்கே படுக்கக்கூடாது என்றார். ஏன் என்று அவள் சண்டைக்கு வந்தாள். நல்ல வேளையாக அவளுக்கே மறுநாள் சளி பிடித்துக்கொண்டது.

பயந்தவர் பயத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் இந்த ஆளுக்குத்தான் காற்று பார்க்கத் தெரியுமே.

அடுத்த மதியம் போன் வருவதற்குக் கால் மணி முன்னால், சொம்பில் கடல் தண்ணீரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காது மடலுக்குப் பின்னால் தொட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். வந்தது. உயரத்திலிருந்து வழுக்கி இறங்குகிற காற்று, விட்டு விட்டு, நடுவில் ஊசி ஊசியாக ஈரம். எங்கேயோ ஒரு பறவை இரண்டு தரம் கத்திவிட்டு நிறுத்திக்கொண்டது. அவர் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு சுவரில் பட்டுத் திரும்பவில்லை. போனது, போய்க்கொண்டே இருந்தது. கண்ணைத் திறக்காமலே பக்கத்துச் சுவரைத் தொடக் கையை நீட்டினார். சுவர் இல்லை. ஒரு எட்டு வைத்தார். இல்லை. இரண்டாவது எட்டு வைக்கக் கால் வரவில்லை. பின்னால் துழாவித் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்து வெளியே விழுந்தபோது அவர் மூச்சு வெண்மையாகப் புகைந்துகொண்டிருந்தது. கூடத்தில் வெயில் அப்படியே கிடந்தது.

போன் வந்தது. "இரு," என்றார். "இன்னிக்கு வெளிய போவாத. பெரிசா வருது."

மறுநாள் விமல் உற்சாகமாகக் கத்தினான். "நைனா! நீ சொன்னா மாதிரியே! இடுப்பு வரைக்கும் பனி! மலையிலயே பொறந்த மேஸ்திரியே அசந்துட்டாரு. நாலு நாளு முன்னாடி வசந்தம் வந்துடுச்சின்னு சொன்னாரு, இப்ப திரும்பக் குளுரு."

அன்றைக்கும் உள்ளே போனார். இரு என்றார். அதற்கு அடுத்த நாளும். மூன்று நாளும் அங்கே பனி கொட்டியது. மூன்று நாளும் நாலு பேரும் மேலே கொட்டகையிலேயே பத்திரமாக முடங்கிக் கிடந்தார்கள். ரோசி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ இருக்கச்சொல்ல எனுக்கு இன்னா பயம் மாமா," என்றாள். அறையைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. பயமும் பெருமையும் ஒரே வயிற்றில் கிடந்தன. எது பெரியது என்று அவருக்கே தெரியவில்லை.

நாலாம் நாள் உள்ளே போனபோது காற்றே இல்லை.

அவர் நம்பாமல் வெகு நேரம் நின்றார். காதுக்குப் பின்னால் ஈரம் தானாகக் காய்ந்தது. மூடிய இமைக்கு வெளியே நல்ல வெளிச்சம் தெரிந்தது, முகத்தில் இளஞ்சூடு விழுந்தது, மூன்று நாள் கொட்டித் தீர்த்த வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்று கண்ணைத் திறக்காமலே தெரிந்தது. கச்சான் மூன்று நாள் அடித்து ஓய்ந்த பிறகு கடல் இப்படித்தான் இருக்கும், எண்ணெய் ஊற்றியதுபோல. அந்த நாளுக்காகத்தான் படகுக்காரர்கள் காத்திருப்பார்கள். அந்த நாளில் போகாதவன் முட்டாள். சொட்டுச் சத்தம் மட்டும் மழைபோலக் கூடியிருந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

போன் வந்தது. அங்கம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"நைனா, சோறு தீந்துபோச்சு," என்றான் விமல். "அரிசி ஒரு மணி கெடையாது. சரிவைத் தாண்டி அந்தாண்ட போனா கீழ்க் கொட்டகை, அங்க எல்லாம் கீது. அரை மணி நட. வெயில் சும்மா பளிச்சின்னு அடிக்குது. ஆனா மேஸ்திரி வேணாங்கறாரு."

"ஏனாம்?"

"வெயில் ஏறிட்டா சரிவுல கால் வெக்கக்கூடாதாம். ராத்திரி குளுந்து இறுகட்டும், விடிகாலைல வெளிச்சம் வரதுக்கு முன்னாடி போலாங்கறாரு. தீனாவுக்குப் பசி தாங்கல. நீ சொல்லு."

மாரியப்பன் சிரித்தார். உண்மையிலேயே சிரிப்பு வந்தது. "வெயில் அடிச்சா போவக்கூடாதா? இருட்டுல போவணுமா? இன்னா மேஸ்திரிடா அவன்? காத்து செத்துபோச்சு விமலு. கண்ணாடி மாரி கீது. போ."

"போலாமா?"

"போடா, போய்த் துன்னுட்டுப் போன் பண்ணு."

வாசற்படியில் ரோசி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, சிரித்த முகமாகக் கீழே இறங்கிப் போனாள்.

மாரியப்பன் இன்னொரு தரம் அறைக்குள் போனார். அவசியமே இல்லை. நல்ல நாளைக் கொஞ்ச நேரம் அனுபவிக்கலாம் என்றுதான். கதவைச் சாத்தினார். இளஞ்சூடு. வெளிச்சம். சொட்டுகள் சேர்ந்து ஓடையாகியிருந்தன. முன்பு மண்ணுக்கடியில் கேட்ட ஓட்டம் இப்போது பாதத்துக்கு நேர் கீழே, ஏதோ இரண்டுக்கு நடுவில் புகுந்து ஓடுவதுபோலக் கேட்டது. தூரத்தில் ஆட்கள் பேசிக்கொண்டு நடக்கிற சத்தம். சலக், சலக் என்று ஈரத்தில் புதையும் கால்கள். ஒருவன் சிரித்தான். தீனா அப்படித்தான் சிரிப்பான், மூக்கால்.

அப்போது தரை இறங்கியது.

ஒரு விரற்கடைதான். படகில் மீன் கொட்டி வைக்கிற அறையின் மூடியைப் போட்டு அடைத்தால் கேட்குமே, அப்படி அடியிலிருந்து ஒரு மொத்தென்ற சத்தம். கால்களின் சத்தம் நின்றது. சிரிப்பு நின்றது.

முப்பது வருஷம் கடலில் இருந்தவருக்கு, பெரிய ஒன்று அசையப்போகிறது என்பது உடம்பில் தெரியும். மலை தெரியாவிட்டாலும் அது தெரிந்தது. மூன்று நாள் கொட்டிய பனி ஒரு சரிவின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வெயில் அதை அடியில் நனைத்துவிட்டது. காற்று இல்லாததும் வானம் தெளிந்ததும் அங்கே போகச் சொல்கிற அடையாளமே இல்லை. மேஸ்திரி சொன்னது முழுதும் ஒரு நொடியில் புரிந்தது. புரிந்து என்ன செய்ய.

"இரு!" என்று கத்தினார். "விமலு, இரு! இருடா!"

குரல் போனது. திரும்பி வரவில்லை.

கூடத்துக்கு ஓடிவந்து போனை எடுத்தார். எண் தவறியது. மறுபடி போட்டார். பின்னால் அறைக்கதவு தானாகவே அறைந்து சாத்திக்கொண்டது. அதற்கப்புறம் அந்தச் சத்தம் வந்தது. சரக்கு ரயில் பாலத்தின்மேல் வருவதுபோலத் தொடங்கி, பிறகு எதைப்போலவும் இல்லாமல், கதவுக்கு அந்தப்பக்கம் மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே, முடியாமல் இறங்கிக்கொண்டே இருந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றுகூட ஆடவில்லை. நாட்காட்டித் தாள் அசையவில்லை. அங்கம்மா கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்கும் கேட்டது.

நின்றது.

போன வருஷ மழையில் ஊறி உப்பிய அந்தக் கதவின் அடியை ஆசாரி இரண்டு விரற்கடை செதுக்கிவிட்டிருந்தார். அந்த இடைவெளி வழியாக மாவுபோல வெள்ளையாக ஒரு கைப்பிடி வெளியே தெறித்துக் கூடத்துத் தரையில் விழுந்தது. விழுந்ததும் தண்ணீர். மறு நிமிஷம் அதுவும் காய்ந்துவிட்டது.

"இன்னாயா அது?" என்றாள் அங்கம்மா. "யோவ். இன்னா அது?"

மாரியப்பன் போனைக் காதில் வைத்திருந்தார். மணி போனது. போனில் ஒரு மணி. கதவுக்கு உள்ளே ஒரு மணி.

விமலின் போன்தான். கானா மெட்டு ஒன்று வைத்திருப்பான். பத்துப் போர்வைக்கு அடியில் அமுக்கியதுபோல, கீழே, மிகக் கீழே அது பாடிக்கொண்டிருந்தது.

அங்கம்மா பாய்ந்து போய்க் கதவைத் தள்ளித் திறந்தாள்.

வெந்த காற்று. கட்டில். நீலச்சட்டை. பழைய வலை. பாட்டு இல்லை. போனில் ஒரு பெண் குரல், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று இந்தியில் சொன்னது. அங்கம்மா கட்டிலுக்கு அடியில் தேடினாள். வலையை உதறினாள். தரையை உள்ளங்கையால் அறைந்தாள். சூடு. வெறும் சூடு.

"சாத்துமே," என்றார் மாரியப்பன். "வெளிய வா. சாத்து."

சாத்தியதும் தட்டும் சத்தம் கேட்டது.

கதவின் நடுவில் இல்லை. அடியில். ஒரு குழந்தை தவழ்ந்து வந்து தட்டினால் எந்த உயரத்தில் தட்டும், அந்த உயரத்தில். மூன்று தரம். பிறகு நகத்தால் சுரண்டுவது. பிறகு மூன்று தரம். நடுவே மூச்சு, கொஞ்சமாகக் கிடைத்ததைச் சிக்கனமாக இழுக்கிற மூச்சு.

திறந்தார்கள். வெந்த காற்று. சாத்தினார்கள். தட்டல். மறுபடி திறந்தார்கள். நாலாவது தரம் திறக்கப் போனவளின் கையை மாரியப்பன் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு தரம் திறந்து சாத்திய பிறகும் தட்டல் இளைத்திருந்தது. அங்கம்மா அம்மிக்குழவியைத் தூக்கிவந்தாள், கதவை உடைக்க. அவர் அதையும் பிடுங்கிக் கீழே வைத்தார். கதவு போனால் அவனும் போய்விடுவான். திறந்தால் இல்லை. திறக்காவிட்டால் மூச்சு முட்டிப் போவான். இரண்டுக்கும் நடுவில் செய்ய எதுவுமே இல்லை. "நான் இன்னா செய்வன், அங்கம்மா, நான் இன்னா செய்வன்," என்று அவர் வாய்விட்டு அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை.

மணி மூன்றரை இருக்கும். படியில் தடதடவென்று சத்தம். ரோசி. தலைமுடி அவிழ்ந்திருந்தது. கையில் போன்.

"மாமா, வேலைக்கு இட்டுகினு போன ஏஜெண்டு பேசனாரு. சரிவு மொத்தமா வந்துடுச்சாம். நாலு பேரும் அடியிலயாம். தடுக்கப் பின்னாலயே ஓடன மேஸ்திரியும் அடியிலயாம். ஆளுங்க மேலயே போவ முடியலயாம். பனி உருகனாத்தான் எடுக்க முடியுமாம். ஆனி ஆயிடுமாம்." மூச்சு வாங்கியது. "அவரு உன்னியக் கேட்டுத்தான போனாரு? நீ போன்னு சொன்னியே மாமா. நல்லாத்தான பாத்து சொன்ன?"

மாரியப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். "பாத்துத்தாம்மா சொன்னன்," என்றார்.

கதவின் அடியில் தட்டல். ரோசி திரும்பினாள். "யாரு உள்ள?"

மாரியப்பன் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்து, கதவின் அடி இடைவெளியில் வாயை வைத்தார். உதடு குளிரில் வெடித்தது. "விமலு. நைனா இங்கதான் கீறன். இங்கயேதான் கீறன்டா."

சுரண்டல் அவர் வாயை நோக்கி நகர்ந்தது.

முதலில் நகங்கள் வந்தன. நீலம் பாரித்து, இடுக்கில் பனி ஏறி. பிறகு விரல்கள், இரண்டாம் கணு வரை. சுட்டுவிரலில் வலைக்கயிறு அறுத்த தழும்பு. அவர் பிடித்துக்கொண்டார். விரல்களும் பிடித்துக்கொண்டன. கயிறு இழுத்துப் பழகிய கை. என்ன பிடி! உயிரோடு இருக்கிற பிடி.

பக்கத்தில் இன்னொரு கை வந்தது. கட்டைவிரலின் அடியில் பச்சை குத்திய சிலுவை.

ரோசி அப்படியே தரையில் விழுந்து அதைப் பற்றி மார்போடு சேர்த்துக்கொண்டாள். மூன்றாவது கை. பாரி. அங்கம்மா இரண்டு கையாலும் பிடித்தாள். நாலாவது கை தரையைத் தட்டித் தட்டித் தேடியது. தீனாவுக்கு இங்கே யாரும் இல்லை. மாரியப்பன் தம்முடைய இடது கையைக் கொடுத்தார்.

ஐந்தாவதாக ஒரு கை வந்தது. குப்பத்துக் கை இல்லை. வயசான கை, தடித்து வெடித்த விரல்கள், அதில் ஒரு வெள்ளி மோதிரம். அது நிலைப்படியின் ஓரமாகவே நகர்ந்தது. ஒவ்வொருவர் கையையும் தொட்டுப் பார்த்தது. எல்லாம் வேறு ஒருவரைப் பிடித்திருந்தன. மறுபடி முதலிலிருந்து தொட்டுப் பார்த்தது.

"தொறக்காத," என்றார் மாரியப்பன். யாரும் திறக்கப் போகவில்லை. "தொறக்காதீங்க."

சன்னல் வழியாக வெயில் அவர்கள் முதுகில் விழுந்தது. கீழே தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். குளிர் அவருடைய விரல்களில் ஏறியது, மணிக்கட்டில் ஏறியது, முழங்கையில் ஏறியது. வெள்ளி மோதிரக் கை தேடுவதை நிறுத்திவிட்டுத் தரையில் கவிழ்ந்து கிடந்தது. மூச்சுச் சத்தங்களை அவர் எண்ணினார். ஐந்து. நாலு. வெகு நேரம் நாலு. பிறகு இரண்டு. பிறகு கூடத்து மின்விசிறியின் சத்தம் மட்டும்.

மோதிரக் கையையாவது ஒரு தரம் தொடலாம் என்று இடது கையை விடுவிக்கப் பார்த்தார். வரவில்லை. வலது கையை இழுத்தார். வரவில்லை. பக்கத்தில் ரோசி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கம்மா இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் எல்லாம் பிடித்தபடியே இறுகியிருந்தன. அவருடைய நகங்களும் நீலமாகியிருந்தன. எது தம்முடைய விரல், எது மகனுடைய விரல் என்று அவருக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சித்திரையில் இன்னும் பத்து நாள் பாக்கி இருந்தது. அப்புறம் வைகாசி. அதற்கப்புறம்தான் ஆனி.